அடுப்பு மெழுகிய கை

போன கார்த்திகையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

நான்கு நாளாக விடாத அடைமழை. சாரல் அடிக்கிறதென்று அடுப்பங்கரை சன்னலையும் புறவாசல் கதவையும் சாத்தியிருந்தோம். தாழ்வாரத்தில் கிடந்த விறகெல்லாம் ஓதம் ஏறிப்போயிருந்தது. விடியற்காலையில் குளிக்க வெந்நீர் போடலாம் என்று அம்மா விறகடுப்பைப் பற்றவைத்தாள். அரை மணி நேரம் கழித்து நான் எழுந்து போனபோது அடுப்பங்கரைக்குள் எதிரே நிற்கும் ஆள் தெரியாத அளவுக்குப் புகை. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "தலைய வலிக்கிட்டி... கொமட்டுது" என்றாள். கையைப் பிடித்துத் திண்ணைக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தேன். ஒரு மணி நேரத்தில் தெளிந்துவிட்டது. காலையில் வெறும் வயிறு, பித்தமாக இருக்கும் என்று அவளும் சொன்னாள், நானும் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து, மருத்துவம் படிக்கிற அத்தை மகளிடம் போனில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அவள் குரலே மாறிவிட்டது. "மதினி, அது பித்தமும் இல்ல, வெறும் புகையும் இல்ல. கதவ சாத்திட்டு ஈர வெறகு எரிச்சா கார்பன் மோனாக்சைடு சேரும். நீங்க இன்னும் அரை மணி நேரம் கழிச்சு எந்திரிச்சிருந்தா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை இன்னும் என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மழை விட்டதும் ஏணி போட்டு ஓட்டின் மேல் ஏறினேன். புகைபோக்கியின் தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். நான்கு அங்குலக் குழாய். சுற்றிலும் கருப்பாக, பளபளப்பாக, தார் ஊற்றி வைத்தது போல அப்பியிருந்தது. நடுவில் ஒரு எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்குத்தான் வழி இருந்தது. கட்டி இரண்டு வருஷமாகியிருந்தது. ஒருமுறைகூட நாங்கள் அதைச் சுத்தம் செய்யவில்லை. செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

எங்கள் வீடு அம்பாசமுத்திரம் பக்கம். ஆச்சி காலத்து ஓட்டு வீடு. சென்னையில் இருபது வருஷம் இருந்துவிட்டு அம்மாவோடு இருக்கலாம் என்று திரும்பி வந்தவள் நான். அன்றாடச் சமையல் கேஸில்தான். ஆனால் வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும், பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊர்க்கூட்டம் வந்தால் அண்டாச் சோறு வடிக்கவும் விறகடுப்பு வேண்டியிருக்கிறது. தோப்பில் தென்னை மட்டை, பாளை, சிரட்டை, கதம்பை என்று மலைபோல் சேர்கிறது. வேம்பும் பூவரசும் கழித்துவிட்டால் கொப்புகள் கிடக்கின்றன. அதனால் பின்கட்டில் புதிதாக ஒரு மண் அடுப்பு போட்டு, கொத்தனாரை வைத்து அதற்கு ஆஸ்பெஸ்டாஸ் குழாயில் புகைபோக்கியும் வைத்தோம். அடுப்பு வந்துவிட்டது. அடுப்போடு சேர்ந்து வரவேண்டிய பழக்கம் வரவில்லை.

ஆச்சியிடம் அந்தப் பழக்கம் இருந்தது. நாங்கள் பள்ளிக்கூடம் போகும் காலத்தில் அவள் காலையில் செய்த முதல் வேலை அடுப்பை மூட்டுவது இல்லை. சாம்பலை அள்ளுவது. முந்தின நாள் சாம்பலைத் தகரக் கரண்டியால் வழித்தெடுத்து, விரலால் மூலைமுடுக்கெல்லாம் துழாவி, ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தில் போடுவாள். அப்புறம் சாணியும் செம்மண்ணும் கரைத்து, துணியை நனைத்து, அடுப்பின் உள்ளும் புறமும் மெழுகுவாள். வெள்ளிக்கிழமை என்றால் மாக்கோலம். அது பக்தி என்றுதான் நான் நினைத்திருந்தேன். பக்தியும்தான். ஆனால் இந்த இரண்டு வருஷத்தில் எனக்குப் புரிந்தது வேறொன்று. தினமும் ஒருமுறை அந்த அடுப்பு முழுவதையும் அவள் உள்ளங்கை தடவிப் பார்த்தது. எங்கே வெடிப்பு விட்டிருக்கிறது, எந்தக் குமிழ் ஆடுகிறது, எங்கே மண் உதிர்கிறது என்பதெல்லாம் அந்தக் கைக்கு முதலில் தெரிந்துவிடும். பெரிய பழுதாகும் முன்னால் ஒரு உருண்டை மண் அப்பிச் சரிசெய்துவிடுவாள். அடுப்பு பழுதாகி ஆச்சி ஒரு நாளும் நின்றதில்லை.

சாம்பல் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் பலரும் அதைத்தான் லேசாக நினைக்கிறார்கள். அடுப்புக்குள் சாம்பல் நிறைந்தால் விறகுக்கு அடியில் காற்று போகாது. காற்று போகாத தீ மூச்சு முட்டி எரியும், புகைதான் மிஞ்சும். அதற்காகத் தினமும் அள்ள வேண்டும். அள்ளிய சாம்பலை எங்கே கொட்டுவது என்பது அதைவிடப் பெரிய விஷயம். சாம்பல் நல்ல போர்வை. வெப்பத்தை வெளியே விடாது. மேலே தொட்டால் சில்லென்று இருக்கும். உள்ளே கங்கு கண் விழித்துக் கிடக்கும். மூன்று நான்கு நாள்வரைகூட அப்படிக் கிடக்கும். எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடியில் மலைக்காற்று எப்படி வீசும் என்று தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது எங்கள் சித்தப்பாவின் வைக்கோல் படப்பு ஓர் ஆடி ராத்திரியில் முழுதாக எரிந்தது. தொழுவில் கட்டியிருந்த மாடுகளை அவிழ்த்துவிட முடிந்ததே பெரிது. சாயங்காலம் குப்பைக்குழியில் கொட்டிய 'ஆறிப்போன' சாம்பல்தான் காரணம்.

எனவே சாம்பலுக்குத் தகரம்தான். மூடி உள்ள தகரம். பிளாஸ்டிக் வாளி, சாக்கு, அட்டைப்பெட்டி எதுவும் கூடாது. தகரத்தை மரப்பலகை மேல் வைக்காமல் வெறும் தரையில், சுவரை ஒட்டாமல், வீட்டுக்கு வெளியே வைக்கிறோம். ஒரு வாரம் போன பிறகுதான் அது தோட்டத்துக்குப் போகும். வாழைக்குத் தூவலாம், தென்னைக்குப் போடலாம், பூச்சி விழுந்த கத்தரிச் செடி மேல் சலித்துத் தூவலாம். ஒரே இடத்தில் குவித்துக்கொண்டே போனால் மண் உவர் ஏறிவிடும். பாத்திரம் துலக்கச் சாம்பல் எவ்வளவு நல்லது என்று நம் எல்லாருக்கும் தெரியும். அதில் இருக்கும் பொட்டாசியம் கார்பனேட் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து சோப்பு போல வேலை செய்கிறது. அதே காரணத்தால் ஈரச் சாம்பல் தோலை அரிக்கும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் தொடாதீர்கள். அலுமினியப் பாத்திரத்துக்கும் அது ஆகாது.

இனி புகைபோக்கிக்கு வருகிறேன்.

நான் பார்த்த அந்தத் தார் எங்கிருந்து வந்தது? விறகு முழுசாக எரியாதபோது அதிலிருந்து கிளம்பும் ஆவியும் எண்ணெயும் புகையோடு மேலே போகின்றன. குளிர்ந்த குழாய்ச் சுவரில் பட்டதும் அங்கேயே படிந்துவிடுகின்றன. விறகு எவ்வளவு ஈரமோ, தீ எவ்வளவு மந்தமோ, அவ்வளவு படிவு. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீயின் சூடு செலவாகிவிடும். பாத்திரத்துக்கும் போகாது, குழாயையும் சூடாக்காது. முதலில் பொடிபோலப் படியும். அப்போது தட்டினாலே உதிரும். விட்டுவைத்தால் செதிலாகும். இன்னும் விட்டுவைத்தால் கண்ணாடிபோல் இறுகிய தாராகிவிடும். அது எரியக்கூடிய பொருள். என்றைக்காவது காய்ந்த மட்டையும் பாளையுமாகப் போட்டுப் பெருந்தீ எரியும்போது ஒரு நாக்கு மேலே எட்டினால் குழாய்க்குள்ளேயே தீப்பிடிக்கும். அது எரியும்போது லாரி போவதுபோல் இரைச்சல் கேட்கும் என்பார்கள். ஓட்டு வீட்டில் குழாயை ஒட்டிக் கைமரமும் சட்டமும் ரீப்பரும் இருக்கின்றன. தென்னங்கீற்றுக் கூரை என்றால் சொல்லவே வேண்டாம்.

அன்றைக்கு நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். இரும்புக் கம்பியை விட்டு அந்த ஆஸ்பெஸ்டாஸ் குழாயைச் சுரண்டினேன். அப்படிச் செய்திருக்கவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸின் நுண்ணிய இழைகள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வருவதில்லை. பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வந்து நிற்கலாம். தவிர, அந்தக் குழாய் கடும் சூட்டில் வெடித்துத் தெறிக்கவும் கூடும். நம் ஊரில் இன்னும் எத்தனையோ வீட்டில் புகைபோக்கி என்றால் இந்தக் குழாய்தான். உங்கள் வீட்டிலும் இருந்தால் சுரண்டாதீர்கள், அறுக்காதீர்கள், உடைக்காதீர்கள். நாங்கள் பிறகு ஆள் வைத்து, தண்ணீர் தெளித்து நனைத்து, உடையாமல் முழுசாக இறக்கி, தடித்த பாலிதீனில் சுற்றிக் கட்டி அப்புறப்படுத்தினோம்.

அதன் இடத்தில் இப்போது செங்கல் புகைபோக்கி. உள்ளே ஆறங்குலச் சதுரம். வளைவே இல்லாமல் நேராக ஏறுகிறது. வளைகிற இடத்தில்தான் கரி தங்கும். மோட்டுக்கு மேலே இரண்டடி நீட்டியிருக்கிறோம். மோட்டுக்குக் கீழே நின்றால் காற்று சுழன்று புகையை உள்ளே தள்ளும். கூரையைத் தாண்டும் இடத்தில் மரச்சட்டம் எதுவும் செங்கல்லைத் தொடாமல் இடம் விட்டிருக்கிறது. தினமும் சூடேறும் மரம் வெளியே தெரியாமலே உள்ளுக்குள் கரியாகிக்கொண்டே வரும். பல வருஷம் அப்படிக் காய்ந்த மரத்துக்குத் தீப்பிடிக்கப் புது மரத்துக்குத் தேவைப்படும் சூடு தேவையில்லை. அடியில், அடுப்புக்குப் பக்கவாட்டில், கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு செங்கல். கரியை வழித்து எடுக்க அந்த வாசல்.

சுத்தம் செய்யும் விதம் எளியது. முந்தின நாளே அடுப்பு அணைந்து ஆறியிருக்க வேண்டும். அடுப்பின் வாயையும் கொடியடுப்பின் வாயையும் ஈரச் சாக்கால் அடைத்துவிடுவோம். இல்லாவிட்டால் அடுப்பங்கரை முழுக்கக் கரி பறக்கும். கயிற்றின் நடுவில் நான்கைந்து கதம்பையைச் சேர்த்து இறுகக் கட்டி, நுனியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு, மேலிருந்து கீழே இறக்குவோம். கீழே ஒருவர், மேலே ஒருவர். இழுத்து இழுத்துத் தேய்த்தால் கரி பொலபொலவென்று விழும். மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூடிக்கொள்ள வேண்டும். கண்ணுக்கும் கண்ணாடி வேண்டும். மேலே ஏறுகிறவர் மழை பெய்த மறுநாள் ஏறக்கூடாது. பாசி பிடித்த ஓடு வழுக்கிவிடும். நாங்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை செய்கிறோம். தினமும் மூன்று வேளை விறகில் சமைக்கிறவர்கள் மாதம் ஒருமுறை செய்வது நல்லது. அளவு வேண்டும் என்றால், படிவு ஒரு நூல் கனத்தைத் தாண்ட விடாதீர்கள்.

இந்தப் புகைபோக்கி அடுப்புக்கு ஒரு வரலாறு உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வார்தாவில் மகன்வாடியில் கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்தவர். அங்கே 1940களிலேயே புகையில்லாத அடுப்பு ஒன்றை உருவாக்கி 'மகன் சூலா' என்று பெயரிட்டார்கள். ஹைதராபாத்தில் எஸ்.பி. ராஜு என்ற பொறியாளர் மண்ணாலேயே செய்யக்கூடிய புகைபோக்கி அடுப்பை வடிவமைத்து, 'ஸ்மோக்லெஸ் கிச்சன்ஸ் ஃபார் த மில்லியன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். 1953இல் சென்னையில் அது அச்சானது. பிறகு 1980களில் மத்திய அரசு தேசிய அளவில் ஒரு திட்டமாகவே எடுத்துக்கொண்டு, 2002இல் அதை நிறுத்தும்வரை மூன்று கோடிக்கும் மேல் அடுப்புகளைக் கொடுத்தது. அவற்றில் பல சில வருஷத்துக்குள் பயனற்றுப் போயின. ஆராய்ந்தவர்கள் சொன்ன காரணங்களில் திரும்பத் திரும்ப வருவது இதுதான்: உடைந்ததைச் செப்பனிட ஆளில்லை, புகைபோக்கியைச் சுத்தம் செய்யவில்லை. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டுக் குழாயும் அந்த எலுமிச்சம்பழ ஓட்டையும்தான் கண்முன் வந்தன. அடுப்பைக் கொடுத்தவர்கள், அதை வைத்துப் பார்த்துக்கொள்வதைக் கொடுக்கவில்லை. அந்த அடுப்புகளை வாங்கிய பெண்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு பட்டம் வாங்கிய எனக்கே தெரியாமல்தானே இருந்தது.

அடுப்பில் வெடிப்பு விட்டால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: தயவுசெய்து சிமெண்ட் பூசாதீர்கள். நாங்களும் பூசிப் பார்த்தோம். இறுகிய சிமெண்ட் தனக்குள் பிடித்து வைத்திருக்கும் நீரைக் கடும் சூட்டில் இழந்து பொடியாகிவிடும். ஒரே மாதத்தில் செதில் செதிலாகக் கழன்று விழுந்தது. அடுப்புக்கு மண்தான் மருந்து. ஆச்சி புற்று மண்ணைத்தான் தேடுவாள். கறையான் அரைத்து வைத்த மண் மாவு மாதிரி இருக்கும்; கல் இருக்காது. அது கிடைக்காவிட்டால் குளத்துக் களிமண் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு, ஒரு கைப்பிடி உமி, கொஞ்சம் சாணி. களிமண் மட்டும் போட்டால் காயும்போது சுருங்கி வெடிக்கும். மணல்தான் அதைத் தடுக்கும். பிசைந்து ஓர் இரவு புளிக்க விட வேண்டும். வெடிப்பைக் கொஞ்சம் அகலமாகச் சீவி, உள்ளே தண்ணீர் தெளித்து நனைத்த பிறகுதான் மண்ணை அமுக்கி அடைக்க வேண்டும். காய்ந்த மண்ணில் ஈர மண் ஒட்டாது. நிழலில் இரண்டு மூன்று நாள் ஆறட்டும். முதல் தீ சுள்ளித் தீயாக, கால் மணி நேரம் மட்டும். மண்பாண்டத்துக்குப் பேர்போன காருகுறிச்சி எங்களுக்குப் பக்கம்தான். அங்கே சட்டி வாங்கப் போனபோது ஒரு வேளார் பெரியவர் எனக்குச் சொன்னது: "அவசரப்பட்டு எரிச்சா மண்ணு கோவிச்சுக்கிடும்மா." ஒட்டுப்போட்ட இடம் அன்றிலிருந்து வெடிக்கவில்லை.

விறகு. இதில் நாங்கள் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று, ஆனால் எல்லாவற்றையும் மாற்றியது அதுதான். பங்குனி, சித்திரை வெயிலிலேயே வெட்டிப் பிளந்து அடுக்கிவிடுகிறோம். புரட்டாசிக்குள் ஒரு மழைக்கால விறகு தகரக் கொட்டகைக்குள் போயிருக்க வேண்டும். தரையில் அடுக்காமல் கல் வைத்து அதன்மேல் பனங்கை போட்டு, ஒரு முழம் உயரத்தில். முழுக்கட்டையாகப் போட்டால் ஒரு வருஷமானாலும் உள்ளே காயாது. பட்டை ஈரத்தை விடாது. காய்ந்துவிட்டதா என்று பார்க்க இரண்டு துண்டுகளை மோதினால் போதும். காய்ந்தது 'டங்'கென்று கேட்கும், ஈரமானது மொத்தென்று ஒலிக்கும். காய்ந்த கட்டையின் நுனியில் சக்கரத்து ஆரம்போல வெடிப்பு ஓடியிருக்கும். விறகுக் கொட்டகைக்குள் கை நீட்டும் முன் ஒரு கம்பால் தட்டுங்கள். தேளும் பூரானும் கட்டுவிரியனும் விறகடுக்கை வீடாக வைத்துக்கொள்ளும். அதேபோல, பற்றவைக்கும் முன் அடுப்புக்குள் குனிந்து பாருங்கள். வெதுவெதுப்புக்குப் பூனை குட்டிகளோடு வந்து படுத்திருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு முறை படுத்திருந்தது.

எரிக்கக் கூடாதவை என்று ஒரு கணக்கு இருக்கிறது. அரளியும் எட்டியும் வேண்டவே வேண்டாம். ஆச்சி அவற்றை அடுப்பு இருக்கும் பக்கம்கூட அண்டவிட மாட்டாள். பெயிண்ட் அடித்த பழைய கதவு, சன்னல் சட்டம், பிளைவுட் துண்டு, இவையும் கூடாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பிளைவுட்டின் பசையும் நச்சுப் புகை விடும். பால் கவர், முறுக்கு கவர், பிவிசி குழாய்த் துண்டு இவற்றைத் தீ மூட்டப் பயன்படுத்தும் பழக்கம் இப்போது எல்லா ஊரிலும் வந்துவிட்டது. பிவிசி எரிந்தால் வருவது அமில வாயு. அந்தப் புகையை முதலில் மூச்சில் இழுப்பது அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதுகிறவர்தான். காய்ந்த பாளையும் பன்னாடையும் இருக்கும்போது கவர் எதற்கு? மண்ணெண்ணெயும் அப்படித்தான். அணைந்து போன மாதிரி தெரிகிற கங்கின்மேல் மண்ணெண்ணெய் ஊற்றினால் அது உடனே எரியாது, ஆவியாகும். ஆவி நிறைந்த பிறகு ஒரே வீச்சில் பற்றி முகத்துக்கு வரும். கேனைப் பிடித்திருக்கும் கைக்கும் வரும். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். கங்கு இருந்தால் ஊதுங்கள். ஊதி எரியவில்லை என்றால் விறகு காயவில்லை என்று அர்த்தம்.

இப்போது கார்பன் மோனாக்சைடு. மணம் இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது. நம் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அசதி, பிறகு மயக்கம். தூக்கத்தில் வந்தால் இந்த அறிகுறிகள்கூடத் தெரியாது. புகை வருகிற தீக்காவது நாம் பயந்து வெளியே வருகிறோம். கரிநெருப்பு புகையே விடாது. அதனால்தான் அது இன்னும் மோசம். கொடைக்கானலில் குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பை வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் காலையில் எழவில்லை என்ற செய்தியை நாம் படித்திருக்கிறோம். பிரசவித்த பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அறைக்குள் கணப்பு வைப்பது நம் வழக்கம். சாம்பிராணிப் புகை காட்டக் கங்கு கொண்டுவந்து வைப்போம். காட்டிவிட்டு உடனே வெளியே கொண்டுபோய்விடுங்கள். சட்டியை அறைக்குள் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தாதீர்கள்.

பழைய வீடுகளில் குளியலறையிலேயே செம்புப் பாய்லர் இருக்கும். நடுவில் தீக்குழாய், சுற்றிலும் தண்ணீர். எங்கள் பெரியப்பா வீட்டில் இன்னும் ஓடுகிறது. நல்ல பொருள்தான். ஆனால் அது இருக்கும் அறையில் அடைக்கவே முடியாத ஒரு காற்றுவழி மேலேயும் ஒன்று கீழேயும் வேண்டும். தண்ணீர் நிரப்பாமல் தீ வைத்தால் ஈயப்பற்று உருகிவிடும். நடுக்குழாயில் கரி சேர்ந்தால் புகை குளிக்கிறவர் பக்கம் திரும்பும். அதனால் வாரம் ஒருமுறை பழைய வாரியலை விட்டுக் குடைந்து எடுத்துவிட வேண்டும். குளிக்கிற நேரத்தில் தீ எரிய வேண்டியதே இல்லை. முதலில் காய்ச்சி, கங்கை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, பிறகு குளிக்கலாம்.

நாங்கள் இப்போது எவ்வளவு மழை பெய்தாலும் புறவாசல் கதவைத் திறந்தே வைக்கிறோம். சாரல் அடித்தால் அடிக்கட்டும்; தரையைத் துடைத்துக்கொள்ளலாம். அறைக்குள் மாட்டுகிற கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று பேட்டரியில் ஓடுகிறது. ஆன்லைனில் வாங்கினேன். அம்மாவுக்கு முதலில் அதில் நம்பிக்கை இல்லை. இப்போது பேட்டரி தீரும்போது அவள்தான் எனக்குச் சொல்கிறாள்.

துணி விஷயம் பற்றி ஒரு வார்த்தை. நைலக்ஸும் பாலியஸ்டரும் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அடுப்புப் பக்கம் பருத்திதான். முந்தானையைச் செருகிக்கொண்டு, நைட்டி மேல் போட்ட துண்டை எடுத்து வைத்துவிட்டு. துணியில் பற்றிவிட்டால் ஓடக்கூடாது. ஓடினால் காற்றுப்பட்டு இன்னும் எரியும். தரையில் படுத்து உருள வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கம்பளியால் மூட வேண்டும். சுட்ட இடத்தில் ஓடும் தண்ணீர் இருபது நிமிஷம். மாவும் மஞ்சளும் பேஸ்ட்டும் மையும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம். அடுப்பங்கரை வாசலில் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் இருக்கும்.

இவ்வளவும் எழுதியதால் விறகடுப்பு உடம்புக்கு நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டுக்குள் எரிக்கும் எரிபொருளின் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியில் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய குழுவும் தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளில் அளந்து 2002இல் வெளியிட்ட கணக்கும் என்னிடம் இருக்கிறது. விறகு எரியும் வீட்டில் சமைக்காதவர்கள் ஒரு நாளில் சுவாசித்த நுண்தூசி சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 90 மைக்ரோகிராம். சமைத்தவர்கள் சுவாசித்தது 231. ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஆச்சிக்குக் கடைசி பத்து வருஷம் இருந்த இழுப்பையும் இருமலையும் நாங்கள் வயசு என்று சொல்லிக்கொண்டோம். எல்லாம் தெரிந்த அந்தக் கைக்கு, புகை போக ஓட்டில் ஒரு கூண்டு மட்டும்தான் இருந்தது. அவளுக்கு நேராக ஏறும் ஒரு புகைபோக்கியை அன்றைக்கே யாராவது கட்டிக் கொடுத்திருக்கலாம். அந்த ஆதங்கம் எனக்குப் போகாது.

அதனால் எங்கள் வீட்டில் கைக்குழந்தையோ, பிள்ளைத்தாய்ச்சியோ, இளைப்பு உள்ளவர்களோ வந்தால் விறகடுப்பு எரிவதில்லை. கேஸ்தான்.

அடுப்பங்கரைச் சுவரில் ஆச்சி கரித்துண்டால் பால் கணக்குக் கோடு போட்டு வைப்பாள். அதே இடத்தில் இப்போது புகைபோக்கி துப்புரவு செய்த தேதிகளை அம்மா எழுதுகிறாள். நேற்று ஆறாவது தேதி எழுதினாள். கயிற்றை நான் மேலிருந்து இறக்க, கீழே செங்கல்லைக் கழற்றி அவள் வாரினாள். கால் தகரம்கூட நிறையவில்லை. எல்லாம் பொடி, தார் ஒரு துளி இல்லை. சாக்கை எடுத்துவிட்டு, அடுப்பை ஒருமுறை மெழுகி, ஆறவிட்டு, சாயங்காலம் பாளையை வைத்து மூட்டினாள்.

நான் தெருவில் போய் நின்று பார்த்தேன். முதலில் வெள்ளையாகக் கொஞ்சம் புகை எழும்பியது. பத்து நிமிஷத்தில் அதுவும் மெலிந்து, தொப்பிக்கு மேலே காற்று மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து அம்மா, "வருதாட்டி பொகை?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன்.